சந்தா நின்ற நாளில் என் நிரல் பூட்டிக்கொண்டது

என் நிரலாக்கக் கருவிக்கான மாதச் சந்தா வழக்கம்போல் கழிக்கப்பட்டிருக்கும் என்று நான் நம்பியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலையில், ஏழு ஆண்டுகளாக நானே எழுதி நானே பராமரித்து வந்த சரக்கு இருப்பு மென்பொருளை என்னால் கம்பைல் செய்ய, அதாவது எழுதிய நிரலைக் கணினியில் ஓடும் வடிவத்துக்கு மாற்ற, முடியாமல் போனது. ஒரு கணக்கீட்டில் பின்னப் பகுதி தவறாக முழுமையாக்கப்படுவதால் அன்றைய இருப்பு அறிக்கை பொருந்தவில்லை என்று வாடிக்கையாளர் அழைத்திருந்தார். திருத்த வேண்டியது ஒரே ஒரு வரி. எந்தக் கோப்பில் எந்த இடத்தில் அந்த வரி இருக்கிறது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லி அழைப்பை முடித்துவிட்டு, நிரல் எழுதவும் கம்பைல் செய்யவும் பயன்படும் நிரலாக்கச் சூழலைத் திறந்தேன். சந்தா காலாவதியாகிவிட்டது என்ற அறிவிப்பு மட்டும் திரையில் நின்றது. அந்த ஒரு வரித் திருத்தம் வாடிக்கையாளரின் கணினியைச் சென்றடைய 11 நாட்கள் ஆயின. அந்த 11 நாட்களில் நான் இழந்த பணத்தையும், அதைவிட அதிகமாக என்னை வாட்டிய அவமானத்தையும் இங்கே எழுதுகிறேன். சந்தாவா, ஒருமுறை செலுத்தும் மேம்படுத்தலா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கும் நிரலாளர் யாராவது இதைப் படித்தால், நான் கேட்கத் தவறிய கேள்விகளைப் பணம் செலுத்துவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள முடியும்.

விலைகள் நாணயத்துக்கும் பதிப்புக்கும் ஏற்ப மாறும் என்பதால், நான் முதன்முதலில் செலுத்திய முழு விலையை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற தொகைகளை அதற்கு ஒப்பிட்டுச் சொல்கிறேன். நான் வாங்கியது கம்பைலர், படிவங்கள் எனப்படும் மென்பொருள் திரைகளுக்கான வடிவமைப்பு, பிழைநீக்கி ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு நிரலாக்கச் சூழல். நிரந்தர உரிமம். ஐந்து ஆண்டுகள் அதைக் கொண்டே வேலை செய்தேன். ஆண்டுக்கு 20 மட்டுமே செலவு என்று மனத்துக்குள் கணக்கிட்டு மகிழ்ந்தும் இருக்கிறேன். இடையில் இரண்டு முறை புதிய பதிப்புக்கான சலுகை வந்தது. பழைய உரிமம் வைத்திருப்பவர்களுக்கு மேம்படுத்தல் விலை 55. இருப்பது நன்றாகத்தானே வேலை செய்கிறது என்று இரண்டையும் விட்டுவிட்டேன். மேம்படுத்தல் விலை முந்தைய இரண்டு பதிப்புகளை வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் என்ற விதி, சலுகை மடலின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. மூன்றாவது பதிப்பு வெளிவந்த அன்று என் உரிமம் அந்த வரம்புக்கு வெளியே போய்விட்டது. அதன் பிறகு புதிய பதிப்பு வேண்டுமென்றால், நான் பழைய வாடிக்கையாளன் என்ற எந்தக் கணக்கும் இல்லாமல் மீண்டும் 100 செலுத்தியாக வேண்டும். ஒருமுறை மேம்படுத்தல் என்ற முறையை நம்பியிருப்பவர்கள், எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்பு வரை, எந்தத் தேதி வரை மேம்படுத்தல் விலை செல்லும் என்பதை வாங்கிய அன்றே நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பதிப்பைத் தாண்டிப் போவது பெரும்பாலும் இலாபம்தான். இரண்டைத் தாண்டலாமா என்பதை விற்பவரின் விதிதான் முடிவு செய்கிறது.

என்னைப் புதிய பதிப்பை நோக்கித் தள்ளியது ஒரு வெளிக் காரணம். என் மென்பொருள் ஒரு சேவையகத்தோடு தரவு பரிமாற வேண்டியிருந்தது. டிஎல்எஸ் என்னும் பாதுகாப்பு நெறிமுறையின் 1.0, 1.1 ஆகிய பழைய பதிப்புகளை உலகம் அப்போது கைவிட்டுக்கொண்டிருந்தது. 2020-இல் முக்கிய உலாவிகளும் அவற்றை நிறுத்தின. என் பழைய நிரலாக்கச் சூழலோடு வந்த வலைத்தொடர்பு நூலகத்துக்கு, அதாவது அதற்கான ஆயத்த நிரல் தொகுப்புக்கு, 1.0 மட்டுமே தெரியும். சேவையகம் என் மென்பொருளை ஏற்க மறுக்கத் தொடங்கியதும் நான் பதறிவிட்டேன். முழு விலையான 100-ஐ ஒரே தவணையில் கொடுக்க அப்போது கையில் இருப்பு இல்லை. மாதத்துக்கு 4 என்ற சந்தா அந்த நேரத்தில் ஒரு கைத்தாங்கலாகத் தெரிந்தது. அன்று இரவே சேர்ந்துவிட்டேன். சில நாள் பொறுத்திருந்தால், அந்த ஒரு நூலகத்தை மட்டும் நீக்கிவிட்டு, டிஎல்எஸ் 1.2 தெரிந்த திறமூல நூலகம் ஒன்றை இணைத்திருக்க முடியும் என்பதைப் பின்னர்தான் கண்டேன். அப்படி இணைப்பதற்கு மூன்று நாள் வேலை பிடித்திருக்கும். நிரலாக்கச் சூழலை மாற்ற வேண்டிய தேவையே வந்திருக்காது. எனவே புதிய பதிப்பை வாங்கத் தூண்டும் காரணத்தை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த வாக்கியத்தில் வருவது ஒரு நூலகத்தின் பெயர் என்றால், வாங்க வேண்டியது நிரலாக்கச் சூழலாக இருக்காது.

புதிய பதிப்பு வந்ததும் அடுத்த செலவு கதவைத் தட்டியது. மென்பொருளில் அப்படியே பொருத்தக்கூடிய ஆயத்தக் கூறுகளாக, அட்டவணை காட்டும் கூறு ஒன்றையும், அறிக்கை அச்சிடும் கூறு ஒன்றையும் வேறு விற்பனையாளர்களிடம் வாங்கியிருந்தேன். அவை பழைய கம்பைலருக்காகக் கம்பைல் செய்யப்பட்டு, நிரலாளர் எழுதிய வடிவமான மூலநிரல் இல்லாமல் வந்தவை. புதிய கம்பைலர் அவற்றை ஏற்கவில்லை. அவற்றுக்கான மேம்படுத்தலுக்கு 20-ம் 15-ம் ஆக மொத்தம் 35 போயிற்று. நிரலாக்கச் சூழலின் விலையை மட்டும் எடைபோடுகிறவர்கள் இந்தச் சங்கிலியை மறந்துவிடுகிறார்கள், நானும் மறந்தேன். ஒரு கூறை வாங்கும்போது மூலநிரலும் சேர்ந்து வருகிறதா என்று கேட்பது இப்போது எனக்கு வழக்கமாகிவிட்டது. மூலநிரல் இருந்தால், புதிய கம்பைலருக்கு நாமே மீண்டும் கம்பைல் செய்துகொள்ளலாம். சில நாட்கள் செலவாகலாம், ஆனால் யாருடைய கால அட்டவணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

சந்தாவில் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகள் அமைதியாகவே கழிந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். புதிய பதிப்புகள் வந்தவுடனே கிடைத்தன. பிழைத்திருத்தங்கள் விரைவாக வந்தன. மாதத்துக்கு 4 என்பது கண்ணில் படாத தொகை. அது கண்ணில் படவில்லை என்பதால்தான் எத்தனை மாதங்கள் ஆகிவிட்டன என்று ஒருமுறைகூட எண்ணிப் பார்க்காமல் இருந்துவிட்டேன். 26-ஆவது மாதத்தில் நான் செலுத்தியிருந்த மொத்தம் 104. முழு விலையைத் தாண்டிவிட்டது. ஆனால் அதற்கு ஈடாக எந்தப் பதிப்பும் என்னுடையதாகியிருக்கவில்லை.

அந்த மாதத்தில் என் வங்கி அட்டை காலாவதியாகிப் புதிய எண்ணோடு வேறு அட்டை வந்தது. சந்தாக் கணக்கில் பழைய எண்ணே இருந்தது. நினைவூட்டல் மடல்கள், நான் திறந்து பார்ப்பதையே நிறுத்திவிட்டிருந்த ஒரு பழைய மின்னஞ்சல் முகவரிக்குப் போயிருந்தன. இதில் என் கவனக்குறைவு உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. ஏழு நாள் அவகாசமும் எனக்குத் தெரியாமலேயே முடிந்துவிட்டது. உடனே செலுத்திவிடலாம் என்று கணக்குக்குள் நுழைந்தால், நான் வைத்திருந்த மாதத் திட்டம் விற்பனையிலேயே இல்லை. தொடர்ந்து செலுத்தி வந்தவர்களுக்கு மட்டுமே அந்தப் பழைய விலை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இடையில் விட்டவர்கள் புதியவர்களாகக் கருதப்படுவார்கள், ஓராண்டுச் சந்தாவான 52-ஐ முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்று உதவிப் பிரிவிலிருந்து மரியாதையான பதில் வந்தது. இரண்டு வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய தொகை நிலுவையில் கிடந்த வாரம் அது. அந்த மரியாதையான மடலைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்றும் நினைவிருக்கிறது. கோபம் அவர்கள்மீதா, சேரும்போது ஒப்பந்தத்தைப் படிக்காத என்மீதா என்று பிரித்தறிய முடியவில்லை.

பழைய நிரந்தர உரிமம் என்னிடம் இருக்கிறதே, அதைக் கொண்டு சமாளிக்கலாம் என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த இரண்டாவது பெருந்தவறு. புதிய பதிப்பு முதல் முறை திறந்தபோதே திட்டக் கோப்புகளைத் தன் வடிவத்துக்கு மாற்றிவிட்டிருந்தது. படிவக் கோப்புகளில் பழைய பதிப்புக்குத் தெரியாத பண்புகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்திருந்தன. என் மென்பொருளில் 64 படிவங்கள். ஒவ்வொன்றையும் உரைத்தொகுப்பியில் திறந்து, பழைய பதிப்பு முறையிடும் வரிகளைக் கையால் நீக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு ஆண்டுகளில் நான் பயன்படுத்தப் பழகியிருந்த மொழியின் புதிய வசதிகளையும் பழைய கம்பைலர் ஏற்கவில்லை. மூன்றாம் நாள் இரவு ஒரு வழியாகக் கம்பைல் ஆயிற்று. ஆனால் அச்சிடும் அறிக்கையில் பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது. வாடிக்கையாளர் நாள்தோறும் காலையில் அழைப்பார். முதல் நாட்களில் அக்கறையோடு கேட்டவர், ஆறாம் நாள் தன் ஊழியர்கள் இருப்புக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அதற்கு என்னால் எந்தப் பதிலும் சொல்ல முடியவில்லை. உண்மைக் காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. தன் கருவிக்குச் சந்தா கட்ட முடியாதவனிடமா நம் தொழிலை ஒப்படைத்தோம் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்ற பயம். தொழில்நுட்பச் சிக்கல் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரிடம் முதல் நாளே உண்மையைச் சொல்லி, ஓராண்டுப் பராமரிப்புத் தொகையில் ஒரு பகுதியை முன்பணமாகக் கேட்டிருந்தால் அவர் தந்திருப்பார் என்று இன்று உறுதியாக நினைக்கிறேன். ஒன்பதாம் நாள் கடன் வாங்கி 52-ஐச் செலுத்தினேன். மறுநாள் முழுவதும், பழைய பதிப்புக்காக நான் சிதைத்து வைத்திருந்த கோப்புகளை மீட்பதில் போயிற்று. பதினோராம் நாள் திருத்தம் போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டின் இறுதியில் அவர் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

கணக்கைப் பிறகு எழுதிப் பார்த்தேன். சந்தாவுக்கு 104, மீண்டும் சேர்ந்ததற்கு 52, கூறுகளுக்கு 35, ஆக 191. இரண்டாவது சலுகை வந்தபோது 55-ஐயும் கூறுகளுக்கான 35-ஐயும் செலுத்தியிருந்தால் 90-இல் முடிந்திருக்கும். அந்தப் பதிப்பின் நூலகத்தில் டிஎல்எஸ் 1.2 இருந்தது. இழந்த வாடிக்கையாளரை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

அதன் பின்னர்தான் உரிம ஒப்பந்தங்களை உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். சந்தா என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை வேறுபட்ட ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன என்பது அப்போதுதான் புரிந்தது. அடோபி நிறுவனம் 2013-இல் தன் வடிவமைப்பு மென்பொருள் தொகுப்பின் புதிய பதிப்புகள் இனிச் சந்தாவில் மட்டுமே கிடைக்கும் என்று அறிவித்தது. அந்த ஏற்பாட்டில் செலுத்துவதை நிறுத்தினால் மென்பொருளும் நின்றுவிடும். நிரலாக்கச் சூழல்களைத் தயாரிக்கும் ஜெட்பிரெயின்ஸ் 2015 செப்டம்பரில் சந்தாவுக்கு மாறுவதாக அறிவித்தபோது நிரலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். சில வாரங்களுக்குள் அந்நிறுவனம் திட்டத்தைத் திருத்தி, 12 மாதங்கள் தொடர்ந்து செலுத்தியவருக்கு அந்த 12 மாதங்களின் தொடக்கத்தில் இருந்த பதிப்பு நிரந்தரமாகச் சொந்தமாகும் என்ற ஏற்பாட்டைச் சேர்த்தது. நின்றால் திரும்பிப் போவதற்கு ஒரு பழைய பதிப்பாவது கையில் இருக்கும். ஆனால் அது நேற்றுவரை பயன்படுத்திய பதிப்பு அல்ல, சுமார் ஓராண்டு பழையது என்பதைக் கவனிக்க வேண்டும். திட்டக் கோப்புகள் அந்தப் பழைய பதிப்பில் திறக்குமா என்பது அங்கேயும் எழும் கேள்விதான். நிரல் எழுதப் பயன்படும் சப்லைம் டெக்ஸ்ட் உரைத்தொகுப்பி 2021-இல் தன் நான்காம் பதிப்போடு கொண்டுவந்த தனிநபர் உரிமம் வேறு வகை: ஒருமுறை செலுத்தினால் மூன்று ஆண்டுகளுக்குள் வெளிவரும் பதிப்புகள் அனைத்தும் என்றென்றும் நம்முடையவை, அதற்குப் பிறகு வருவனவற்றுக்கு மட்டும் மீண்டும் செலுத்த வேண்டும். இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மாதத் தொகையைவிட, செலுத்துவது நின்ற மறுநாள் எந்தப் பதிப்பு திறக்கும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்று தெரியும். இதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு, பதிலைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிரந்தர உரிமம் என்ற பெயரையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். உரிமம் நிரந்தரமாக இருக்கலாம். அது ஓடும் தளம் நிரந்தரமில்லை. ஆப்பிள் 2019-இல் வெளியிட்ட மேக் கணினி இயங்குதளமான மேக்ஓஎஸ் கேட்டலினாவில், 32 பிட் வகையைச் சேர்ந்த பழைய மென்பொருள்கள் ஓடுவது முற்றிலும் நின்றது. முழு விலை கொடுத்து வாங்கிய பல கருவிகள் அந்த ஒரே மேம்படுத்தலில் பயனற்றுப் போயின. செயல்படுத்தும் சேவையகம் இன்னொரு பலவீனம். புதிய கணினியில் நிறுவும்போது விற்பனையாளரின் சேவையகம் அனுமதி தரவேண்டும் என்றால், அந்தச் சேவையகம் இருக்கும் வரைதான் உரிமத்துக்கு உயிர். ஒருமுறை வாங்கும் வழியே அடைபடுவதும் உண்டு. ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினிகளை உருவாக்கித்தரும் விஎம்வேர், பிராட்காம் நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு, 2023 டிசம்பரில் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தியது. எனவே இரண்டில் எது சிறந்தது என்று எல்லோருக்கும் பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கைப்பேசிச் செயலிகள் எழுதுபவருக்குச் சந்தாவே பொருத்தம் என்று கருதுகிறேன். கூகுள் பிளேயில் வெளியிடும் செயலிகள் அண்மைய ஆண்ட்ராய்டு பதிப்பை இலக்காகக் கொண்டிருக்க வேண்டும் என்ற விதி 2018 முதல் நடப்பில் இருக்கிறது. அந்த எல்லை ஆண்டுதோறும் உயர்கிறது. ஆப்பிளும் புதிய கருவித்தொகுப்பில் கட்டப்பட்ட செயலிகளையே ஏற்கிறது. அங்கே ஒரே பதிப்பில் ஐந்து ஆண்டுகள் தங்கியிருக்க முடியாது. மூன்று மாதத்தில் முடியும் பணிக்காக ஒரு கருவி தேவைப்பட்டாலும் சந்தாதான் மலிவு. மாறாக, ஒரு தொழிற்கூடத்தில் பத்து ஆண்டுகள் மாறாமல் ஓடப்போகும் மென்பொருளைப் பராமரிப்பவர், தன் வாடிக்கையாளரின் ஆயுளுக்கு ஈடான ஆயுளைத் தன் கருவியிடமும் கேட்க வேண்டும். அப்படிப்பட்ட இடங்களில் இணைய இணைப்பே இல்லாமல் இருப்பதும் உண்டு. குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை சேவையகத்தைத் தொடர்புகொள்ளும் சந்தாக் கருவியை மடிக்கணினியில் வைத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தால் வேலை நின்றுவிடலாம்.

இந்த அனுபவத்தில் எனக்குக் கிடைத்த மிக மதிப்புள்ள தெளிவு, நிரல் எழுதும் உரைத்தொகுப்பியையும் கம்பைலரையும் பிரித்துப் பார்ப்பது. நிரல் எழுதுவதை எளிதாக்கும் சூழலுக்குச் சந்தா செலுத்தலாம். அது நின்றால் வசதி குறையும், வேலை மெதுவாகும், அவ்வளவுதான். மூலநிரலை இயங்குநிரலாக மாற்றும் கம்பைலர் சந்தாவுக்குள் அடைபட்டிருந்தால், சந்தா நிற்கும்போது தொழிலே நின்றுவிடும். ஜிசிசி, எல்எல்விஎம், ஓபன்ஜேடிகே, டாட்நெட் கருவித்தொகுப்பு என்று விலையின்றிக் கிடைக்கும் கம்பைலர்கள் பல இருக்கின்றன. மைக்ரோசாஃப்டின் நிரலாக்கச் சூழலான விஷுவல் ஸ்டுடியோவின் கம்யூனிட்டி பதிப்பை 2014 முதல் தனி நிரலாளர்கள் கட்டணமில்லாமல் பயன்படுத்துகிறார்கள். எந்தச் சூழலில் எழுதினாலும், அதைத் திறக்காமலேயே ஒரே கட்டளையில் முழு மென்பொருளையும் கட்டும் வகையில் திட்டத்தை அமைத்துவிட்டால், விலையைப் பற்றிய பேச்சில் நம் குரல் உயர்ந்துவிடும். அப்போது நாம் விரும்பிச் செலுத்துகிறோம், பயத்தினால் செலுத்துவதில்லை.

என்னுடைய பழைய மென்பொருளை அப்படி முழுவதும் மாற்றிவிட முடியாது. அது அந்தக் கம்பைலரோடு பிணைந்துவிட்டது. எனவே அந்த ஓராண்டுச் சந்தா முடிவதற்குள், நிறுவனம் மீண்டும் ஒரு சலுகை அறிவித்தபோது நிரந்தர உரிமத்தை 70-க்கு வாங்கிவிட்டேன். கம்பைலர், கூறுகள், அவற்றின் நிறுவிக் கோப்புகள், உரிம எண்கள், ஒப்பந்தத்தின் நகல் எல்லாவற்றையும் ஒரு மெய்நிகர் கணினிக்குள் நிறுவி, அதன் படியை இரண்டு வட்டுகளில் தனித்தனி இடங்களில் வைத்திருக்கிறேன். அந்த உரிமம் மெய்நிகர் கணினியில் நிறுவுவதை அனுமதிக்கிறதா என்று முன்பே கேட்டு உறுதிசெய்துகொண்டேன். சில உரிமங்கள் அனுமதிப்பதில்லை. புதிய பதிப்பு எது வந்தாலும், திட்டக் கோப்புகளை அதில் திறப்பதற்கு முன், பழைய வடிவத்தில் உள்ள நிலையை, கோப்புகளின் முந்தைய நிலைகளைச் சேமித்து வைக்கும் பதிப்புக் கட்டுப்பாட்டில் ஒரு பெயரிட்டுக் குறித்துவைக்கிறேன். சந்தாவாகச் செலுத்தும் மற்ற கருவிகளின் புதுப்பித்தல் தேதிகளை ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் இதுவரை செலுத்திய மொத்தத் தொகையையும் எழுதி வருகிறேன். நினைவூட்டல் மடல்கள் நான் நாள்தோறும் திறக்கும் முகவரிக்கே வருகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை, இணைப்பைத் துண்டித்துவிட்டு அந்த மெய்நிகர் கணினியைத் திறந்து, வாடிக்கையாளர்களிடம் ஓடிக்கொண்டிருக்கும் பதிப்பைத் தொடக்கத்திலிருந்து கம்பைல் செய்து பார்ப்பேன். சென்ற முறை 40 நிமிடங்கள் ஆயின. 64 படிவங்களும் திறந்தன. அறிக்கையின் எல்லாப் பக்கங்களும் அச்சாயின.